சூழல் தேர்ந்தெடுக்கும், கற்றுக்கொடுக்காது: வாசிப்புத் தேர்வுகளின் சொற்பொருள் வினா குறித்து

"பத்தியில் அடிக்கோடிட்ட சொல்லின் பொருள் யாது?" என்பது இந்தியாவின் மொழித் தேர்வுகளில் காணப்படும் மிகச் சாதுவான வினா. நான்கு விடைகள் தரப்பட்டிருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கட்டுரை வினாவைப் போலவோ இலக்கண வினாவைப் போலவோ இது எவரையும் அச்சுறுத்துவதில்லை. இதற்குச் சொல்லப்படும் நியாயமும் எளியது. தேர்வர் அகராதியை மனப்பாடம் செய்திருக்கத் தேவையில்லை. பத்தியை ஊன்றி வாசித்தால் போதும். முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களே பொருளைக் காட்டிவிடும்.

இந்த நியாயம் மெய்யானால், இதைவிடச் சமத்துவமான வினா வேறு இருக்க முடியாது. நூலகம் நிறைந்த வீட்டில் வளர்ந்தவரும் பாடநூலைத் தவிர வேறு நூல் காணாதவரும் ஒரே பத்தியின் முன் ஒரே நிலையில் அமர்ந்திருப்பர். கூர்ந்து வாசிப்பவர் வெல்வார். ஆனால் வினாத்தாள்களை எடுத்து ஒவ்வொரு வினாவாகச் சோதித்துப் பார்ப்பவருக்கு வேறொன்று புலப்படும். இவ்வினாக்களில் கணிசமானவற்றில் பத்தி வெறும் அலங்காரம். சொல்லை முன்பே அறிந்தவருக்குப் பத்தி தேவையில்லை. அறியாதவருக்குப் பத்தி உதவுவதில்லை. ஊகத்திறனை அளப்பதாகப் பெயர், அளக்கப்படுவது முன்னறிவு.

இது சிறிய செய்தியன்று. 2022ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வில் 13 மொழிகளுக்குத் தாள்கள் உள்ளன. அவற்றின் மையம் வாசிப்புப் புரிதல். 2025ஆம் ஆண்டின் முறைப்படி ஒரு தாளில் 50 வினாக்கள், 60 நிமிடங்கள்; சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறான விடைக்கு 1 மதிப்பெண் குறைவு. அதாவது பத்தியை வாசிக்கும் நேரத்தையும் சேர்த்து ஒரு வினாவுக்கு 72 விநாடிகள். ஒரு சொல்லைச் சரியாகக் கணித்தவருக்கும் தவறாகக் கணித்தவருக்கும் இடையே 6 மதிப்பெண் வேறுபாடு. பல்கலைக்கழக மானியக் குழுவின் நெட் தேர்வில் முதல் தாளின் பத்து அலகுகளுள் ஒன்று வாசிப்புப் புரிதல். குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வின் இரண்டாம் தாளில் 80 வினாக்கள், 200 மதிப்பெண். அதில் 33 விழுக்காடு பெறாதவரின் முதல் தாள் எவ்வளவு சிறப்பாக இருந்தாலும் பயனில்லை. கல்லூரி வாயிலிலும் ஆய்வு உதவித்தொகையின் வாயிலிலும் ஆட்சிப்பணியின் வாயிலிலும் ஒரு பத்தி காவல் நிற்கிறது. அப்பத்தியின் மேல் எழுப்பப்படும் வினா எதை அளக்கிறது என்று கேட்பது அந்த வாயில்களைக் கடக்க வேண்டிய ஒவ்வொருவரின் உரிமை.

சூழல் ஒரு சொல்லின் பொருளை எவ்வளவு தூரம் காட்டும் என்பதை ஓர் எளிய சோதனையால் அறியலாம். "ஞிமிறு" என்னும் பழஞ்சொல்லை எடுத்துக்கொள்வோர், அதன் பொருளை அறியாத ஒரு மாணவரிடம் நான்கு வாக்கியங்களைத் தரலாம்.

"பூவுக்குப் பூ தாவித் தேன் உண்டு ரீங்கரித்தது ஞிமிறு." இங்கே ஐயமில்லை, ஞிமிறு என்பது வண்டோ தேனீயோ ஆக வேண்டும். "மாலை வேளையில் ஞிமிறுகள் தோட்டத்துக்குள் பறந்து வந்தன." ஏதோ பறக்கும் உயிர் என்பது மட்டும் தெரிகிறது, கிளியாகவும் இருக்கலாம், வௌவாலாகவும் இருக்கலாம். "ஞிமிறைப் பற்றிச் சிறுவர்கள் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தனர்." இவ்வாக்கியம் எதையும் சொல்லவில்லை. நான்காவது: "புதருக்குள்ளிருந்து ஞிமிறின் ஒலி எழுந்ததும் யானை மிரண்டு பின்வாங்கியது." இதை வாசிக்கும் மாணவர் தயங்காமல் "புலி" என்பார். அவர் கவனமின்றி வாசித்தார் என்று குறைகூற முடியாது. கவனமாக வாசித்ததனாலேயே தவறினார். யானை தேனீக்கு அஞ்சும் என்பது உண்மை. ஆனால் அவ்வுண்மையை அறிந்தவருக்கு மட்டுமே அந்தச் சூழல் வழிகாட்டும். அறியாதவரை அதே சூழல் வழிதவறச் செய்யும்.

இந்நான்கு வகைகளையும் இசபெல் பெக், மார்கரெட் மெக்கியோன், எல்லன் மெக்காஸ்லின் ஆகிய மூவரும் 1983ஆம் ஆண்டிலேயே வகுத்துக் காட்டினர். பொருளை நேராகக் காட்டும் சூழல், பொதுவாகச் சுட்டும் சூழல், எதையும் காட்டாத சூழல், தவறான திசையில் செலுத்தும் சூழல் என்பன அவை. எல்லாச் சூழலும் ஒரே தன்மையுடையன அல்ல என்பதே அவர்கள் முடிவு. எழுத்தாளர் தாம் சொல்ல வந்ததைச் சொல்வதற்காக எழுதுகிறார். ஒரு சொல்லின் பொருளைக் கற்பிப்பதற்காக எழுதுவதில்லை. ஆகவே நாளிதழிலிருந்தோ நூலிலிருந்தோ எடுக்கப்பட்ட இயல்பான பத்தியில் முதல்வகைச் சூழல் தானாக அமைந்துவிடும் என்று எதிர்பார்க்க இயலாது. வினா அமைப்பவருக்கு இது புலப்படாமல் போவதற்கு ஒரு காரணம் உண்டு. அவருக்குச் சொல்லின் பொருள் முன்பே தெரியும். பொருள் தெரிந்தவர் கண்ணுக்கு எல்லா வாக்கியமும் அப்பொருளையே சுட்டுவதாகத் தோன்றும். விடையை அறிந்தவருக்கு விடுகதை எளிது.

இதனினும் அடிப்படையான ஒரு தடையும் உண்டு. சூழல் என்பதும் சொற்களால் ஆனதே. அறியாத ஒரு சொல்லுக்குச் சுற்றியுள்ள சொற்கள் துணைசெய்ய வேண்டுமானால், அச்சொற்களாவது தெரிந்திருக்க வேண்டும். 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வில் மார்செல்லா ஹூவும் பால் நேஷனும் ஓர் ஆங்கிலக் கதைப்பகுதியில் சில சொற்களை நீக்கிப் பொருளற்ற ஒலிக்கூட்டங்களை அவ்விடங்களில் இட்டு வாசிக்கக் கொடுத்தனர். பத்தியின் சொற்களில் 80 விழுக்காடு மட்டும் தெரிந்த நிலையில் எவரும் போதிய அளவு புரிந்துகொள்ளவில்லை. துணையின்றிப் புரிந்துகொள்ள ஏறத்தாழ 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் கணிப்பு. அதாவது ஐம்பது சொற்களுக்கு ஒரு சொல் மட்டுமே அறியாததாக இருக்கலாம். இருபதுக்கு ஒன்று என்றானாலே வாசகர் தடுமாறத் தொடங்கிவிடுகிறார். ஊகம் என்பது வறியவரின் செல்வம் என்று கருதுவோர் இக்கணக்கைக் கருத்தில் கொள்ள வேண்டும். ஊகிக்கவும் முதல் வேண்டும். சொல்வளம் மிக்கவரே எளிதில் ஊகிப்பர். ஊகம் மிகத் தேவைப்படுபவருக்கே அது மிகக் குறைவாகக் கைகொடுக்கும்.

தாய்மொழியில் வாசிப்போருக்கும் சூழல் ஒரே வாசிப்பில் எல்லாவற்றையும் தந்துவிடுவதில்லை. வில்லியம் நாகியும் உடன் ஆய்வாளர்களும் 1987இல் பள்ளி மாணவரிடையே கண்டது, இயல்பான வாசிப்பில் அறியாத ஒரு சொல்லை ஒருமுறை எதிர்கொள்ளும்போது அதைக் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஏறத்தாழ இருபதில் ஒன்று என்பதே. நெடுங்கால வாசிப்பில் அந்த இருபதில் ஒன்று பெருகிப் பெரும் சொற்களஞ்சியம் ஆகிறது. சூழல்வழிக் கற்றல் மெய்யே. அது மெல்ல நிகழ்வது. பல ஆண்டு வாசிப்பில் சிறுகச் சிறுகச் சேர்வதை ஒரு வினா 72 விநாடியில் கேட்டுப் பெற முனைகிறது.

இந்தியாவில் இச்சிக்கலுக்கு வேறொரு மடிப்பும் உண்டு. ஒரே வடமொழிச் சொல் பல மொழிகளில் வாழ்கிறது; ஆனால் ஒவ்வொரு மொழியிலும் வேறு வாழ்க்கை வாழ்கிறது. "சிக்ஷா" என்பது இந்தியில் கல்வி. மராத்தியிலும் மலையாளத்திலும் தெலுங்கிலும் தண்டனை. "குழந்தைகளுக்கு நல்ல சிக்ஷா தேவை" என்னும் இந்தி வாக்கியத்தை வாசிக்கும் மராத்தியருக்குச் சூழல் ஓரளவு உதவலாம். "சிக்ஷா இன்றி ஒழுங்கு இல்லை" என்றால் உதவாது. "அவகாசம்" தமிழில் கால இடைவெளி, இந்தியில் விடுமுறை, மலையாளத்தில் உரிமை. "உபந்யாசம்" தமிழிலும் தெலுங்கிலும் சொற்பொழிவு, இந்தியில் நாவல். இரண்டாம் மொழி வாசிப்பை ஆராய்ந்த பாட்டியா லாஃபர், அறியாத சொல்லைவிட அறிந்ததாக எண்ணும் சொல்லே வாசகருக்குப் பெரிய இடர் என்பதை எடுத்துக்காட்டினார். அறியாத சொல்லின் முன் வாசகர் நிற்பார். அறிந்ததாக எண்ணும் சொல்லைக் கடந்து சென்றுவிடுவார். பிறகு அந்தத் தவறான பொருளுக்கு ஏற்பச் சூழலையே வளைத்துப் படிப்பார். பன்மொழி நாட்டில் பிறமொழியில் தேர்வெழுதும் ஒவ்வொருவருக்கும் இது அன்றாட நிகழ்வு.

மொழிபெயர்ப்பு இதை இன்னும் கடினமாக்குகிறது. 2011இல் குடிமைப்பணி முதல்நிலைத் தேர்வில் திறனறித் தாள் புகுத்தப்பட்டதும், 2014இல் தில்லியில் இந்தி வழித் தேர்வர்கள் தெருவில் இறங்கிப் போராடியதும், அவ்வாண்டு ஆங்கிலப் பகுதியின் மதிப்பெண் கணக்கில் கொள்ளப்படாமல் விடப்பட்டதும், 2015 முதல் அத்தாள் தகுதித்தாளாக மட்டும் ஆக்கப்பட்டதும் பலர் நினைவில் இருக்கும். எஃகு ஆலையைக் குறிக்கும் "ஸ்டீல் பிளாண்ட்" என்னும் ஆங்கிலத் தொடர் இந்தியில் இரும்புச் செடி என்று பொருள்படும்படி பெயர்க்கப்பட்டதாக அப்போது பரவலாகப் பேசப்பட்டது. நகைப்புக்குரியதாகத் தோன்றும் இவ்வெடுத்துக்காட்டு ஓர் ஆழ்ந்த உண்மையைக் காட்டுகிறது. மொழிபெயர்ப்புப் பத்தியில் சூழலை நம்பி ஊகிப்பவரே முதலில் ஏமாறுகிறார். நெட் தேர்வின் விதிகளோ, மொழிப்பாடத் தாள்கள் நீங்கலாக, மொழிபெயர்ப்பில் ஐயம் எழுந்தால் ஆங்கில வடிவமே இறுதியானது என்று கூறுகின்றன. இந்தியில் வாசித்தவர் தம் கண்முன் இருந்த சூழலைக் கொண்டு விடை காண்கிறார். அவர் கண்ணில் படாத சூழலைக் கொண்டு திருத்தப்படுகிறார். இவ்விரு மொழிகளும் தாய்மொழி அல்லாத தமிழருக்கும் ஒடியருக்கும் காசியருக்கும் இரு வடிவங்களும் தொலைவிலேயே இருக்கின்றன.

அப்படியானால் சொற்பொருள் வினாவையே கைவிட வேண்டுமா? வேண்டியதில்லை. சூழலால் செய்ய முடிந்த ஒரு வேலை உண்டு. அது எது என்பதை இந்நாட்டின் பழைய இலக்கண மரபுகள் தெளிவாக வரையறுத்து வைத்துள்ளன.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம் பல பொருள் தரும் ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறது. அத்தகைய சொல்லின் பொருள் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவுறும் என்கிறது. "மா காய்த்தது" என்றால் மரம். "மா கனைத்தது" என்றால் குதிரை. இது வினையால் தெளிவது. "மாவும் பலாவும் வாழையும்" என்றால் உடன் நிற்கும் இனத்தால் மரம் எனத் தெளிவது. போருக்குப் புறப்பட்டவன் மாவைக் கொண்டுவரச் சொன்னால் சார்பால் குதிரை எனத் தெளிவது. பர்த்ருஹரியின் வாக்கியபதீயமும் பொருளை அறுதியிடும் காரணங்களை நிரல்படுத்துகிறது: சேர்க்கை, பிரிவு, உடன்நிகழ்வு, பகை, நோக்கம், இடம், காலம் முதலாயின. "சைந்தவம் கொண்டு வா" என்று உணவு வேளையில் சொன்னால் உப்பு, பயண வேளையில் சொன்னால் குதிரை என்பது வடமொழி மரபில் வழிவழியாக ஆளப்படும் எடுத்துக்காட்டு.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இம்மரபுகள் சூழலுக்கு அளிக்கும் பணி, தெரிந்த பொருள்களுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது. தெரியாத சொல்லின் பொருளைத் தோற்றுவிக்கும் பணியை அவை சூழலின் தலைமேல் ஏற்றவில்லை. சைந்தவம் என்ற சொல்லையே கேட்டறியாத பணியாளருக்கு உணவு வேளையும் உதவாது, பயண வேளையும் உதவாது. தொல்காப்பியர் இதனை நன்கு உணர்ந்திருந்தார். வினை முதலியவற்றால் வேறுபடுத்த இயலாத பல பொருள் ஒருசொல்லும் உண்டு என்றும், அங்கே பொருளை வெளிப்படையாக எடுத்துச் சொல்ல வேண்டும் என்றும், குறித்த பொருளைத் தெரியும்படி மொழிவது சொல்பவன் கடமை என்றும் அதே இயலில் விதிக்கிறார். வழக்கில் பயிலாத சொற்களுக்கோ தனி இயலே வகுக்கிறார். உரியியலின் தொடக்கத்தில் அவர் கூறும் முறை, பயிலாத சொற்களைப் பயின்ற சொற்களோடு சார்த்திப் பொருள் உணர்த்துவது. வெளிப்படையான சொல்லுக்கு விளக்கம் வேண்டா. வெளிப்படாத சொல்லுக்கு விளக்கம் தர வேண்டும். சுருங்கச் சொன்னால், பயின்ற சொல்லின் பல பொருளுள் ஒன்றைச் சூழலிடம் விடலாம். பயிலாத சொல்லை ஆசிரியர் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இன்றைய வினாத்தாள்கள் இவ்வரிசையைத் தலைகீழாக்கிவிட்டன. ஓர் எடுத்துக்காட்டு. "அவருடைய லாகோனிக் பதில் அவையோரை வியக்கவைத்தது" என்னும் ஆங்கில வாக்கியத்தைக் கொண்ட பத்தி. விடைகள்: சுருக்கமான, கூர்மையான, நகைச்சுவையான, கற்பனை மிகுந்த. அவையை வியக்கவைக்கும் பதில் இந்நான்கில் எதுவாகவும் இருக்கலாம். சூழல் நான்கையும் ஏற்கிறது. "சுருக்கமான" என்பதே விடை என்று அறிபவர், அச்சொல்லை முன்பே எங்கோ கற்றவர். அவர் பத்தியைப் படித்திருக்கவே தேவையில்லை. படித்து, எண்ணி, நியாயமாக ஊகித்துக் "கூர்மையான" என்று குறித்தவர் மதிப்பெண் இழக்கிறார். வாசித்தவர் தண்டிக்கப்பட்டு, வாசிக்காதவர் பரிசு பெறும் வினாவுக்கு வாசிப்புப் புரிதல் என்று பெயர்.

இதற்கு மாறாக, "மண்ணரிப்பை அரெஸ்ட் செய்ய ஊரார் ஆற்றங்கரையில் வெட்டிவேர் நட்டனர்" என்று பத்தி அமையட்டும். விடைகள்: கைது செய்தல், தடுத்து நிறுத்துதல், கவனத்தை ஈர்த்தல், விரைவுபடுத்துதல். அரெஸ்ட் என்ற சொல் நாளிதழ் வாசிக்கும் எவருக்கும் தெரியும். தெரிந்த பொருள் கைது. பத்தியை வாசிக்காதவர் அதையே குறிப்பார். வாசித்தவர், மண்ணரிப்பைக் கைது செய்ய முடியாது என்பதையும், வேர் அரிப்பை என்ன செய்யும் என்பதையும் எண்ணிச் சரியான விடையை அடைவார். தமிழ்த் தாளிலும் இது இயலும். "கலம்" என்னும் சொல்லுக்குக் கப்பல், அணிகலன், பாத்திரம், தானிய அளவை என நான்கு விடைகள் தரலாம். நான்கும் அகராதிப்படி சரி. அந்தப் பத்தியில் சரியானது ஒன்றே. இங்கே அகராதியை மனப்பாடம் செய்தவரும் பத்தியை வாசித்தே ஆக வேண்டும்.

நல்ல வினாவையும் தீய வினாவையும் பிரித்தறிய இரண்டு சோதனைகள் போதும். முதலாவது, பத்தியை மறைத்துவிட்டுச் சொல்லையும் விடைகளையும் மட்டும் ஒருவரிடம் காட்டுவது. அவர் சரியான விடையைச் சொல்லிவிட்டால் அது சொல்லறிவு வினா. வாசிப்பு வினா அன்று. இரண்டாவது, பத்தியைக் கொடுத்து அச்சொல்லை மட்டும் மறைத்து, அவ்விடத்தில் நான்கு விடைகளுள் எது பொருந்தும் என்று கேட்பது. ஒன்றுக்கு மேற்பட்டவை பொருந்தினால் சூழல் போதாது. பத்தி இல்லாமல் விடை காண இயலாததும், சொல் இல்லாமலும் விடை காண இயல்வதுமான வினாவே சூழலை அளக்கும் வினா. லாகோனிக் வினா இரு சோதனைகளிலும் தோற்கும். அரெஸ்ட் வினா இரண்டிலும் தேறும். வினாத்தாளின் மறைபொருள் காக்கப்பட வேண்டும் என்பதால் மாணவரிடம் முன்கூட்டிச் சோதிக்க இயலாது என்பர். வேண்டியதில்லை. வினாக்குழுவுக்குள்ளேயே வினாவை அமைக்காத வேறொரு உறுப்பினர் பத்து நிமிடத்தில் இதைச் செய்துவிடலாம்.

இவ்வாதத்துக்கு எழுப்பப்படும் மறுப்புகள் இரண்டு. சொல்வளமும் வாசிப்புத்திறனும் இணைபிரியாதவை; ஆகவே சொல்லறிவை அளந்தால்தான் என்ன குறை என்பது முதல் மறுப்பு. இரண்டும் நெருங்கிய தொடர்புடையவை என்பது உண்மையே. அவ்வாறாயின் சொல்லறிவை அதன் பெயரிலேயே அளக்கலாம். தனி வினாக்களாக, எவ்வளவு சொற்பரப்பு எதிர்பார்க்கப்படுகிறது என்று பாடத்திட்டத்தில் அறிவித்து அளக்கலாம். சிற்றூர் மாணவர் அதற்கு ஆயத்தமாக முடியும். ஊகித்தால் போதும் என்று சொல்லிவிட்டு முன்னறிவைக் கேட்பதே நேர்மையற்றது. அறிவிக்கப்படாத பாடத்திட்டத்தை அறிந்திருப்பவர், அது வீட்டுப் பேச்சிலும் பள்ளிச் சூழலிலும் தானாகவே கிடைத்தவர் மட்டுமே.

வாழ்க்கையில் எவரும் அருஞ்சொற்பொருள் அச்சிட்டுத் தருவதில்லை. ஊகித்தே வாசிக்க வேண்டியிருக்கிறது. தேர்வும் அவ்வாறே இருக்கட்டும் என்பது இரண்டாம் மறுப்பு. ஆனால் வாழ்க்கையில் வாசகருக்கு வேறு உரிமைகள் உண்டு. புரியாத சொல்லை நிறுத்திவைத்து மேலே வாசிக்கலாம், அடுத்த இயலில் அதே சொல் மீண்டும் வரும்போது தம் ஊகத்தைத் திருத்திக்கொள்ளலாம், அருகிலிருப்பவரைக் கேட்கலாம், அகராதியைப் புரட்டலாம், ஏதோ ஒரு பறவை, ஏதோ ஒரு கருவி என்ற அளவில் நின்றும் பயன் பெறலாம். தேர்வு இவ்வுரிமைகள் அனைத்தையும் பறித்துவிட்டு, அரைகுறைப் பொருளுக்கு இடமளிக்காமல், நான்கில் ஒன்றில் விரலை வை என்கிறது. வாழ்க்கை வாசிப்பைப் போலத் தேர்வும் இருக்க வேண்டும் என்போர் அவ்வுரிமைகளில் ஒன்றையாவது திருப்பித் தர வேண்டும். சூழல் காட்டாத அருஞ்சொற்களுக்குப் பத்தியின் அடியில் பொருள் அச்சிடுவது அவற்றுள் மிக எளியது. அது சலுகையன்று; தெரித்து மொழிதல் என்னும் பழைய கடமை.

தீய வினா மதிப்பெண்ணோடு நின்றுவிடுவதில்லை; வாசிக்கும் பழக்கத்தையே மாற்றுகிறது. முன்னறிவே வெல்லும் என்று கண்டுகொண்ட பயிற்சி மையங்கள் சொற்பட்டியல்களை அச்சிடுகின்றன. மாணவர் பத்தியைப் படிக்குமுன் விடைகளைப் படிக்கக் கற்கிறார். பட்டியலில் கண்ட சொல்லானால் பத்தியைத் தொடாமலே குறிக்கிறார். இப்பழக்கத்தோடு ஆய்வுக்கு வருபவர் எதிர்கொள்ளும் நூல்களோ வேறு வகையின. அங்கே இடர் தருவன அருஞ்சொற்கள் அல்ல, தெரிந்த சொற்களே. புள்ளியியலில் "சிக்னிஃபிகண்ட்" என்பது முக்கியமானது என்று பொருள்படாது. திறனாய்வில் "கிரிட்டிக்" என்பது குறைகூறுதல் ஆகாது. வரலாற்றாசிரியர் ஒருவர் ஆளும் "சாங்ஷன்" ஒப்புதலா தண்டனையா என்பதை அந்தப் பக்கமே சொல்ல வேண்டும். பழந்தமிழ் நூலில் "நாற்றம்" நறுமணமாகவும் "கிழவன்" உரிமையுடையவனாகவும் நிற்பதை இக்காலப் பொருளோடு வாசிப்பவர் முழுப் பாடலையும் தவறவிடுவார். தெரிந்த சொல் இவ்விடத்தில் என்ன செய்கிறது என்று நின்று கேட்கும் பழக்கமே ஆய்வு வாசிப்பின் அடிப்படை. நல்ல சூழல் வினா இப்பழக்கத்தைப் பயிற்றும். இன்றைய வினா இதனை அழிக்கிறது.

செய்யத்தக்கவை பெரும் செலவு கோருவன அல்ல. பயின்ற சொல்லின் பயிலாத பொருளையோ, பத்தியே விளக்கிவிடும் சொல்லையோ மட்டும் வினாவாக்குவது. விடைகள் நான்கையும் அச்சொல்லின் மெய்யான பொருள்களாக இயன்ற அளவு அமைப்பது. இரு சோதனைகளிலும் தேறாத வினாவை நீக்குவது. பிற அருஞ்சொற்களுக்கு அடியில் பொருள் தருவது. இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். கணினிவழித் தேர்வுகளில் ஒவ்வொரு தேர்வரின் ஒவ்வொரு விடையும் பதிவாகிறது. மற்ற வினாக்களில் நிகரான திறன் காட்டிய இரு மொழிப் பின்னணியினர் ஒரு குறிப்பிட்ட வினாவில் மட்டும் பெரிதும் வேறுபட்டால், அவ்வினா வாசிப்பை அன்றி வேறெதையோ அளந்திருக்கலாம் என்ற ஐயத்துக்கு இடமுண்டு. அவ்வாறு கணக்கிடும் முறைகள் கல்வி அளவியலில் நெடுங்காலமாக உள்ளன. இப்போது நுழைவுத் தேர்வில் விடைக்குறிப்பு வெளியானதும் ஒரு வினாவுக்கு 200 ரூபாய் செலுத்தி அதனை மறுக்கலாம். அந்த நடைமுறை விடை சரியா தவறா என்பதோடு நின்றுவிடுகிறது. விடை சரிதான், ஆனால் பத்தி அதைச் சொல்லவில்லை என்னும் முறையீட்டுக்கும் அதில் இடம் வேண்டும்.

மொழித்துறைகளில் வினாத்தாள் அமைக்கும் பேராசிரியர்களும், நாளை அமைக்கப்போகும் ஆய்வு மாணவர்களும் இதைத் தம் கையிலிருந்தே தொடங்கலாம். அடுத்த பருவத் தேர்வுக்கு ஒரு பத்தியைத் தேர்ந்து, ஒரு சொல்லை அடிக்கோடிட்டபின், பத்தியை ஒரு தாளால் மூடிவிட்டு உடன்பணியாற்றும் ஒருவரிடம் வினாவை மட்டும் நீட்டுவது போதும். அவர் உடனே சரியான விடையைச் சொல்லிவிட்டால், அந்த அடிக்கோட்டை அழித்துவிட்டு வேறு சொல்லைத் தேட வேண்டும்.